பறக்கலாமா, கூடாதா? சொல்ல வேண்டியவர் யார்?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறது. அந்தப் பேட்டைக்குப் பெயர் தந்தவர் லா என்ற பழைய பிரெஞ்சு கவர்னர்.

1989-ம் ஆண்டு அங்கே விமானம் வரத் தொடங்கியது. நடுவில் பல ஆண்டுகள் வராமலும் இருந்தது. ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர். பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது. சின்ன விமானங்களுக்குத் தாராளம்.

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியின் சின்னஞ்சிறு விமானங்களும் அங்கிருந்து பறந்தது உண்டு.

சின்ன விமானத்தின் சத்தம் கேட்டால் போதும். பிள்ளைகள் சோற்றுத் தட்டை விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி வருவார்கள். கையை ஆட்டுவார்கள். பெரியவர்களும் அண்ணாந்து பார்ப்பார்கள்.

பார்க்கிறவர்கள் யாரும் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை.

"நீ இன்றைக்குப் பறக்கலாம்" என்று அந்த விமானியிடம் சொன்னது யார்?

பஸ் என்றால் டிப்போவில் பார்த்து அனுப்ப ஆள் இருக்கிறார். ரெயில் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கிறார். கம்பெனி விமானம் என்றால் கேட்கவே வேண்டாம். பெட்ரோல் கணக்குப் பார்க்க ஒருவர், இயந்திரம் பார்க்க ஒருவர், வானிலை பார்க்க ஒருவர் என்று ஒரு கூட்டமே வேலை செய்கிறது.

ஆனால் ஆசைக்காக விமானம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் "தனியார் விமானி" என்று பெயர். அவர்கள் சம்பளத்துக்கு ஓட்டுவதில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றவும் கூடாது.

அவர்களுக்குப் பின்னால் கம்பெனி கிடையாது. பார்த்துக்கொள்ள இரண்டே பேர்தான். ஒன்று, விமானம் கொடுக்கும் பிளையிங் கிளப். இன்னொன்று, அந்த விமானியேதான்!

கிளப் "கூடாது" என்று சொல்ல முடியாமல் போனால்? விமானியும் தனக்குத் தானே "கூடாது" என்று சொல்லிக்கொள்ளாவிட்டால்?

இந்தியாவே அதிர்ந்த ஒரு சம்பவம் உண்டு.

டெல்லியில் ஒரு காலை

1980-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி. திங்கட்கிழமை. காலை 8 மணி இருக்கும்.

டெல்லி சப்தர்ஜங் விமான நிலையத்திலிருந்து ஒரு சின்ன விமானம் கிளம்பியது. ஒன்றின்மேல் ஒன்றாக இரட்டை இறக்கை கொண்ட விமானம். "பிட்ஸ்" என்று பெயர். ஆகாயத்தில் குட்டிக்கரணம் அடிப்பதற்கென்றே செய்யப்பட்டது. டெல்லி பிளையிங் கிளப்பில் இருந்தது.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் கிளப்பின் பயிற்சி ஆசிரியர் கேப்டன் சுபாஷ் சக்சேனா. இன்னொருவர் சஞ்சய் காந்தி. பிரதமர் இந்திரா காந்தியின் இளைய மகன். அமேதி தொகுதியின் எம்.பி. வயது 33.

விமானம் டெல்லி நகருக்கு மேலே தாழ்வாகப் பறந்தது. குட்டிக்கரணம் அடித்தது. மீண்டும் அடிக்கும்போது தலை தூக்கவில்லை. தரையில் மோதி நொறுங்கியது. இரண்டு பேரும் உயிர் இழந்தார்கள்.

குட்டிக்கரணம் அடிக்க உயரம் வேண்டும். உயரத்தில் தவறு செய்தால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். தாழ்வாக இருந்தால் தவறும் தரையும் ஒன்றாக வந்துவிடும். இது விமானம் கற்கும் மாணவனுக்கும் தெரிந்த பாடம்.

அப்படியானால் தடுத்திருக்க முடியாதா?

தடுக்க ஒருவர் முயன்றார் என்றே அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதின. சிவில் விமானத் துறையின் தலைமை அதிகாரியாக இருந்தவர் ஏர் மார்ஷல் ஜாகீர். சஞ்சய் காந்தி விதிகளை மீறிப் பறக்கிறார் என்று அவர் எழுத்தில் தெரிவித்தாராம். விபத்துக்குச் சில நாட்களுக்கு முன் அவர் பதவியை விட்டு விடுப்பில் போக நேர்ந்தது என்றும் அந்தச் செய்திகள் கூறின.

மேலதிகாரியின் கதியே இது என்றால், கிளப்பில் சம்பளத்துக்கு இருக்கும் ஓர் ஆசிரியர் என்ன செய்வார்? பிரதமரின் மகன் வந்து நிற்கிறார். "இன்று வேண்டாம், ஐயா" என்று சொல்ல எத்தனை பேருக்கு நாக்கு எழும்?

விமானத்துக்கு யார் மகன் என்று தெரியாது. இவ்வளவு வேகம் இருந்தால் பறக்கும். இவ்வளவு உயரம் இருந்தால் நிமிரும். இல்லாவிட்டால் விழும்.

கிளப் என்றால் சீட்டாட்டம் அல்ல!

"கிளப்" என்றதும் சிலருக்குச் சீட்டாட்டம் நினைவுக்கு வரும். நம் ஊர்ப் பக்கத்தில் பழைய நாளில் காப்பிக் கடைக்கும் "காப்பி கிளப்" என்றுதான் பெயர்.

பிளையிங் கிளப் வேறு. சொந்தமாக விமானம் வாங்க எல்லாராலும் முடியாது. பல பேர் சேர்ந்து சந்தா கட்டுகிறார்கள். கிளப் விமானம் வாங்கி வைக்கிறது. ஆசிரியரை வைத்துக் கற்றுக்கொடுக்கிறது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிக்கொண்டு ஓட்டத் தருகிறது.

இந்த வழியை உலகுக்குக் காட்டியவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் முன்னால் நிற்கிறார்கள். பிரான்சின் ஏரோ கிளப் 1898-ம் ஆண்டே தொடங்கிவிட்டது. அப்போது ஆகாய விமானமே கிடையாது. பலூன்தான்!

இந்தியாவிலும் ஒரு பிரெஞ்சுக்காரர் வேடிக்கை காட்டியிருக்கிறார். 1911-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி, அலகாபாத்திலிருந்து யமுனை ஆற்றைத் தாண்டி நைனிக்கு ஒரு விமானம் தபால் மூட்டையைக் கொண்டுபோனது. சுமார் 6,500 கடிதங்கள். விமானத்தில் தபால் போனது உலகத்திலேயே அதுதான் முறைப்படி முதல் தடவை. ஓட்டியவர் ஆன்ரி பெக்கே. வயது 23.

அதற்கு முன்பே, 1910-ம் ஆண்டு, சென்னைப் பல்லாவரத்தில் ஒருவர் பறந்து காட்டினார். அவர் டி ஏஞ்சலிஸ். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர். ஓட்டல் முதலாளிக்கு விமான ஆசை!

1920-களின் கடைசியில் டெல்லி, பம்பாய், சென்னை என்று கிளப்புகள் எழும்பின. சர்க்காரும் உதவியது. பம்பாயில் கற்றுக்கொண்டவர்தான் ஜே.ஆர்.டி. டாடா. பாரிசில் பிறந்தவர். தாயார் பிரெஞ்சுப் பெண்மணி. 3 மணி 45 நிமிடம் ஆசிரியருடன் பறந்தார். அதற்குப் பிறகு தனியாகப் பறந்துவிட்டார். 1929-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி லைசென்சு கிடைத்தது. இந்தியாவில் கொடுக்கப்பட்ட லைசென்சில் அது நம்பர் 1.

சென்னை கிளப்பின் பெயர் சொல்லும் தமிழர் வி. சுந்தரம். அங்கே பயிற்சி ஆசிரியராக இருந்தவர். அவருடைய மனைவி உஷா சுந்தரமும் விமானி ஆனார். 1951-ம் ஆண்டு சென்னை சர்க்கார் இங்கிலாந்தில் "டவ்" என்ற விமானம் வாங்கியது. கணவனும் மனைவியும் போய் அதை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். 27 மணி நேரத்தில் இந்தியா வந்து சேர்ந்தது! அந்தக் காலத்தில் அது பெரிய சாதனை.

ஒரு கையெழுத்து

நல்ல கிளப்பில் ஒரு பதிவேடு இருக்கும். யார் பறக்கிறார், எந்த விமானம், எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று அதில் எழுத வேண்டும். தலைமை ஆசிரியரோ அவருக்கு அடுத்தவரோ பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் சாவி கைக்கு வரும்.

வெறும் கையெழுத்து அல்ல அது. லைசென்சு நாள் கடந்துவிட்டதா? டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்கிறதா? கடைசியாக எப்போது ஓட்டினார்? ஆறு மாதமாக விமானத்தைத் தொடாதவர் என்றால், முதலில் ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும். அதற்குத்தான் கையெழுத்து.

இந்தியாவில் தனியார் விமானி லைசென்சு வாங்க 17 வயது ஆகியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்.

40 மணி நேரம் என்பது எவ்வளவு? ஓர் ஆசாரி மகன் உளி பிடிக்கக் கற்கும் காலத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. லைசென்சு கையில் வந்த நாளில் விமானி முழு விமானி ஆகிவிடுவதில்லை. அதனால்தான் கிளப்பின் கண் தேவைப்படுகிறது.

ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. கிளப்பின் வருமானம் விமானம் பறக்கும் மணிக் கணக்கில் வருகிறது. "இன்று வேண்டாம்" என்று சொன்னால் அன்றைய வாடகை போயிற்று! உறுப்பினருக்கும் கோபம் வரும். அவர் கமிட்டியில் இருப்பவராகவும் இருக்கலாம். ஊரில் பெரிய மனிதராகவும் இருக்கலாம்.

கையெழுத்துப் போடுகிறவர் இத்தனையையும் தாண்டி "கூடாது" என்று சொல்ல வேண்டும். மறுநாளும் அவருடைய வேலை அவருக்கு இருக்க வேண்டும். இந்த இரண்டும் உள்ள கிளப்தான் நல்ல கிளப்.

முழுப் பொறுப்பும் விமானி தலையில்!

சரி, கிளப் கையெழுத்துப் போட்டுவிட்டது. விபத்து நடந்தால் கிளப் பொறுப்பு என்று விமானி சொல்லிவிடலாமா?

முடியாது.

1937-ம் ஆண்டின் இந்திய விமான விதிகள் இதைத் தெளிவாகச் சொல்லின. விமானத்தை இயக்குவதற்கும் அதன் பத்திரத்துக்கும் பொறுப்பு, அதன் தலைமை விமானிதான். உலகம் முழுவதும் இதே சட்டம்தான். பிரெஞ்சில் தலைமை விமானியைக் "கொமாந்தான்" என்பார்கள். படை அதிகாரிக்கும் அதே சொல். புதுச்சேரிப் பெரியவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

ஆகவே கிளம்புமுன் பார்க்க வேண்டியதை எல்லாம் விமானியே பார்க்க வேண்டும்.

முதலில் வானம்.

வீராம்பட்டினம் மீனவரைப் பாருங்கள். படகைத் தள்ளுமுன் மேலே பார்ப்பார். காற்று வாடையா, கொண்டலா, கச்சானா என்று பார்ப்பார். கடல் நிறத்தைப் பார்ப்பார். மனசுக்குப் பிடிக்காவிட்டால் வலையை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். யாரும் அவரைக் கோழை என்று சொல்வதில்லை.

விமானி செய்ய வேண்டியதும் அதுதான். வானிலை நிலையத்தின் அறிக்கையை வாங்கிப் படிக்க வேண்டும். புறப்படும் ஊரில் மட்டும் அல்ல, வழியில் எப்படி, போய்ச் சேரும் ஊரில் எப்படி, அங்கே இறங்க முடியாவிட்டால் வேறு எந்த ஊர் என்று பார்த்து வைக்க வேண்டும்.

புயலைப் பற்றிப் பயம் இல்லை. அது சொல்லிக்கொண்டு வரும். 2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி "பெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த நாளில் யாரும் சின்ன விமானத்தைக் கிளப்ப மாட்டார்கள்.

ஆளைக் கொல்வது சின்ன விஷயங்கள்தான். மார்கழிக் காலைப் பனிமூட்டம். சித்திரை மாதத்துப் பிற்பகல் இடி மேகம். நடுப்பகலில் கடற்காற்று ஏறும்போது ஓடுபாதையில் காற்றின் திசையே மாறிவிடும். காலையில் எதிர்க்காற்றாக இருந்தது, திரும்பி வரும்போது பக்கக் காற்றாக நிற்கும்.

குளவி செய்த வேலை

அடுத்தது விமானம். ஒருமுறை முழுக்கச் சுற்றி வந்து கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் டாங்கின் அடியில் ஒரு சின்னக் குழாய் இருக்கும். அதிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார்கள். ஏன்?

தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். அரை டாங்க் பெட்ரோலோடு விமானம் இரவு முழுவதும் நின்றால், காலியான இடத்தில் உள்ள ஈரக் காற்று குளிர்ந்து தண்ணீராகச் சொட்டும். புதுச்சேரி போன்ற கடற்கரை ஊரில் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். அடியில் போய்த் தங்கும். சின்ன விமானத்துப் பெட்ரோலுக்கு நீல நிறம் போட்டிருப்பார்கள். குப்பியின் அடியில் நிறம் இல்லாமல் ஒரு குமிழ் நின்றால் அது தண்ணீர். அது இயந்திரத்துக்குள் போனால் நடுவானில் இயந்திரம் நின்றுவிடும்.

இறக்கையின் அடியிலோ மூக்கின் பக்கத்திலோ ஒரு சின்னக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் புகும் காற்றை வைத்துத்தான் விமானத்தின் வேகம் தெரிகிறது. விமானம் நிற்கும்போது அதற்கு உறை போட்டு வைக்க வேண்டும். கிளம்புமுன் உறையை எடுக்க வேண்டும். இரண்டில் எதை மறந்தாலும் ஆபத்து.

1996-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி, டொமினிக்கன் குடியரசில் ஒரு போயிங் விமானம் கிளம்பியது. வேகம் காட்டும் முள் தவறாகக் காட்டியது. விமானிகள் குழம்பினார்கள். விமானம் கடலில் விழுந்தது. 189 பேர் மாண்டார்கள். அதற்கு முன்பு அந்த விமானம் பல நாள் சும்மா நின்றிருந்தது. குழலுக்கு உறை போடவில்லை. குளவி அதற்குள் மண்கூடு கட்டியிருக்க வேண்டும் என்று விசாரணையில் முடிவு செய்தார்கள்.

நம் வீட்டு ஜன்னலிலும் சாவித் துவாரத்திலும் கூடு கட்டும் அதே குளவிதான்!

நாலு இருக்கை, நாலு ஆள்?

மூன்றாவது, பாரம்.

சின்ன விமானத்தில் நாலு இருக்கை இருக்கும். அதனால் நாலு பேரும் பெட்டிகளும் டாங்க் நிறையப் பெட்ரோலும் ஏற்றலாம் என்று நினைத்தால் தவறு. ஆட்டோவில் பள்ளிப் பிள்ளைகளைத் திணிப்பது போல இங்கே திணிக்க முடியாது. எடையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். எந்த எடை எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பின்னால் பாரம் ஏறிவிட்டால் விமானத்தின் மூக்கு மேலே போய்விடும்.

கத்திரி வெயிலில் இன்னொரு தொல்லை. சூட்டில் காற்று இலேசாகிவிடும். இலேசான காற்று இறக்கையைச் சரியாகத் தூக்காது. மார்கழியில் சுலபமாக எழும்பிய விமானம், அதே பாரத்தோடு மே மாதத்தில் ஓடுபாதையில் இன்னும் நெடுந்தூரம் ஓட வேண்டியிருக்கும்.

நாலாவது, பெட்ரோல். போக வேண்டிய தூரத்துக்குப் போட்டால் போதாது. போய்ச் சேர்ந்த பிறகும் பகலில் அரை மணி நேரம் பறக்கும் அளவு மீதி இருக்க வேண்டும்.

1932-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டினார். இன்றைய ஏர் இந்தியாவுக்கு விதை அதுதான். நடுவில் ஆமதாபாத்தில் இறங்கினார். அங்கே அவருக்குப் பெட்ரோல் எப்படி வந்தது தெரியுமா? டின்களில், மாட்டு வண்டியில் வந்தது! மாட்டு வண்டியாக இருந்தால் என்ன? வேண்டிய இடத்தில் பெட்ரோல் காத்திருந்தது. அதுதான் ஏற்பாடு.

கடைசியில், தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் உண்டா? இரவு தூங்கினாரா? வீட்டில் சண்டையா? குடித்த பிறகு 12 மணி நேரத்துக்குள் விமானத்தைத் தொடக்கூடாது என்று சட்டம். புதுச்சேரியில் இதைச் சற்று உரக்கவே சொல்லலாம்!

இத்தனையும் தலைக்குள் நிற்குமா? நிற்காது. அதற்குத்தான் பட்டியல். 1935-ம் ஆண்டு அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட ஒரு புதிய போயிங் விமானம், கிளம்பியவுடனே விழுந்து எரிந்தது. காற்றில் ஆடாமல் இருக்க வால் பகுதிக்குப் போட்ட பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். ஓட்டியவர் சாதாரண ஆள் அல்ல, அனுபவம் மிக்க ராணுவ அதிகாரி. அதற்குப் பிறகுதான் விமானிகள் கையில் பட்டியல் ஏறியது. வாய்விட்டுப் படித்து, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

நாலு பிளக் தந்த வெற்றி

தயாராகப் போகிறவனுக்கும் இல்லாதவனுக்கும் என்ன வித்தியாசம் என்பதற்கு 1930-ம் ஆண்டு நடந்த ஒரு போட்டியே சாட்சி.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகாகான் அறிவித்தார். ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.

மூன்று பேர் முனைந்தார்கள். ஒருவர் மன்மோகன் சிங். (பிற்காலப் பிரதமர் அல்ல. இவர் வேறு.) அவர் தம்முடைய விமானத்துக்கு "மிஸ் இந்தியா" என்று பெயர் வைத்தார். முதல் முயற்சிகள் பலிக்கவில்லை. "மிஸ்" என்றால் ஆங்கிலத்தில் தவறவிடுவது என்றும் பொருள். "பெயர் பொருத்தம்தான்" என்று லண்டன் பத்திரிகை கேலி செய்தது. கடைசியில் அவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். ஆனால் ஒரு மாதக் கெடு கடந்துவிட்டது.

மற்ற இருவர் ஜே.ஆர்.டி. டாடாவும், ஆஸ்பி என்ஜினீயர் என்ற 17 வயதுப் பையனும். டாடா இங்கிருந்து போனார். ஆஸ்பி அங்கிருந்து வந்தார். எகிப்தில் அபுகிர் என்ற இடத்தில் சந்தித்தார்கள்.

ஆஸ்பி அங்கே நகர முடியாமல் உட்கார்ந்திருந்தார். இயந்திரத்தின் ஸ்பார்க் பிளக் கெட்டுவிட்டது. மாற்றுப் பிளக் கொண்டுவரவில்லை. டாடாவிடம் உபரிப் பிளக்குகள் இருந்தன. எடுத்துக் கொடுத்தார்!

பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று. டாடா சில மணி நேரத்தில் பின்தங்கினார்.

டாடாவின் பெருந்தன்மையை எல்லாரும் புகழ்வார்கள். புகழ வேண்டியதுதான். ஆனால் பாலைவனத்துக்கு மேலே பறக்கப் போகிறவர் உபரிப் பிளக்கைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனாரே, அதையும் பார்க்க வேண்டும். அந்தப் பையனும் பாடம் கற்றுக்கொண்டான் போலிருக்கிறது. 1960 முதல் 1964 வரை இந்திய விமானப் படையின் தளபதியாக இருந்தவர் அவர்தான்.

இருட்டில் ஒரு கடல்

கிளப்பும் இல்லாமல், கேட்க ஆளும் இல்லாமல் பறந்தவர் கதை ஒன்று அமெரிக்காவில் உண்டு.

1963-ம் ஆண்டு சுடப்பட்டு இறந்த ஜனாதிபதி கென்னடியின் மகன், சின்ன கென்னடி. அப்பாவின் சவ ஊர்வலத்தில் மூன்று வயதுக் குழந்தையாக நின்று சல்யூட் அடித்தவர். வளர்ந்து விமானி ஆனார். சொந்த விமானம் வாங்கினார்.

1999-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி. இரவு 8.38 மணி. நியூஜெர்சியிலிருந்து ஒரு தீவுக்குக் கிளம்பினார். கூட மனைவியும் மனைவியின் சகோதரியும்.

அவர் மொத்தம் சுமார் 310 மணி நேரம் பறந்தவர். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி இன்னும் பெறவில்லை. கணுக்கால் முறிந்து கட்டு பிரித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. "நானும் கூட வருகிறேன்" என்றார் ஓர் ஆசிரியர். "தனியாகவே போகிறேன்" என்றார் கென்னடி.

கடலுக்கு மேலே மூட்டமாக இருந்தது. கீழே விளக்கு இல்லை. வானம் எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில் உடம்பு பொய் சொல்லும். வீராம்பட்டினம் தேர்த் திருவிழாவில் ராட்டினம் சுற்றி இறங்கியவனுக்குத் தரை சுழல்வது போல இருக்குமே, அது போல. விமானம் சாய்கிறது, விமானிக்கு நேராகப் போவது போலத் தோன்றுகிறது.

விமானம் சுழன்று கடலில் விழுந்தது. மூன்று பேரும் மாண்டார்கள். இயந்திரத்தில் குற்றம் இல்லை. இருட்டிலும் மூட்டத்திலும் விமானிக்குத் திசை குழம்பிவிட்டது என்று விசாரணை சொன்னது.

அன்று இரவு அவர் ஒரு ஓட்டலில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் போயிருக்கலாம். அவ்வளவுதான் விஷயம்.

கண்காணிப்பவரைக் கண்காணிக்க

இந்தியாவில் கிளப்புகளுக்கும் பள்ளிகளுக்கும் மேலே டி.ஜி.சி.ஏ. என்ற சர்க்கார் அலுவலகம் இருக்கிறது. லைசென்சு தருவதும் ஆய்வு செய்வதும் அதுதான். 2025-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல், 1934-ம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்திருக்கிறது.

அந்த அலுவலகம் சும்மா இருக்கவும் இல்லை. 2023-ம் ஆண்டு ஒரு பயிற்சிப் பள்ளியில் ஆறு மாதத்தில் ஐந்து விபத்துகள் நடந்தன. அக்டோபர் மாதம் அந்தப் பள்ளியின் விமானங்களை எல்லாம் தரையில் நிறுத்தி வைத்தது. 2025-ம் ஆண்டு, நாட்டில் உள்ள பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்துப் பட்டியல் வெளியிட்டது. முதல் பட்டியலில் ஒரு பள்ளிகூட "ஏ" தரம் வாங்கவில்லை! பள்ளிக்கூடத்தில் பிள்ளை "ஏ" வாங்காவிட்டால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும்?

ஆனால் ஐந்து விபத்து நடந்த பிறகு நிறுத்துவது ஒன்று. ஒரு காலையில், ஒரு விமானத்தை, ஒரு விமானியை நிறுத்துவது வேறு. அதை டெல்லியில் இருந்துகொண்டு செய்ய முடியாது. அதற்கு அந்த ஊரில், அந்தக் கிளப்பில் ஆள் இருக்க வேண்டும்.

இப்போது தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நடுத்தரக் குடும்பத்துப் பெற்றோர்கூட மகனை, மகளை விமானியாக்க ஆசைப்படுகிறார்கள். வீட்டை அடகு வைத்துப் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. பள்ளியைப் பார்க்கப் போனால் பளபளக்கும் விமானத்தைக் காட்டுவார்கள். சீருடையைக் காட்டுவார்கள். கட்டணப் பட்டியலைக் காட்டுவார்கள்.

அவர்கள் தாங்களாகக் காட்டாத ஒன்றையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். "போன மாதம் எத்தனை நாள், என்ன காரணத்துக்காக, யாரைப் பறக்க வேண்டாம் என்று நிறுத்தினீர்கள்?" என்று கேட்டு, அந்தப் பதிவேட்டைப் பார்க்கலாம்.